உதவி தேடும்போது எந்தக் கதவைத் தட்டுவது: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு யுனைட்டட் வே, 211 பற்றிய வழிகாட்டி

ரொறன்ரோ, பீல், யோர்க் ஆகிய பகுதிகளுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் ஓராண்டுக்குள் "யுனைட்டட் வே" என்ற பெயரை எங்காவது ஓரிடத்தில் காணாமல் இருப்பதில்லை. ஆங்கில வகுப்பு நடக்கும் நிலையத்தின் வாசலில், பிள்ளைகளின் பாடசாலை முடிந்த பின் நடக்கும் நிகழ்ச்சிக்கான படிவத்தின் அடியில், வேலைத்தலத்தில் இலையுதிர் காலத்தில் வரும் நன்கொடை மின்னஞ்சலில் அந்தப் பெயர் இருக்கும். பெயர் கண்ணில் பட்டாலும் அந்த அமைப்பு என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெளிவில்லை. அதனால் சிலர் அதன் தலைமை அலுவலகத்துக்கே தொலைபேசி எடுத்து வாடகைக்குப் பணம் கேட்டு, கிடைக்காமல் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். இன்னும் பலர், இது வேறு யாருக்கோ உரிய உதவி என்று ஒதுங்கி, தாங்கள் வசிக்கும் தெருவிலேயே இலவசமாக நடக்கும் சேவையைத் தெரியாமலே காலத்தைக் கடத்துகிறார்கள். இந்த இரண்டும் நேராமல் தடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: பணம் எப்படிப் போகிறது

யுனைட்டட் வே உதவி வழங்கும் கருமபீடம் அல்ல. அது நிதி திரட்டி, அந்த நிதியை உள்ளூரில் இயங்கும் தொண்டு நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்பு. பல நிறுவனங்கள் தனித்தனியே வீடு வீடாகச் சென்று பணம் கேட்பதற்குப் பதிலாக ஒரே இயக்கமாகத் திரட்டிப் பகிரலாம் என்ற எண்ணம் 1887இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் செயலுக்கு வந்தது. இன்று கனடாவின் பல பகுதிகளில் தனித்தனி யுனைட்டட் வேக்கள் இயங்குகின்றன. ரொறன்ரோவின் யுனைட்டட் வே 2015இல் யோர்க் பிராந்தியத்தினதுடனும், 2018இல் பீல் பிராந்தியத்தினதுடனும் இணைந்து, இப்போது "யுனைட்டட் வே கிரேட்டர் ரொறன்ரோ" என்ற ஒரே அமைப்பாக இருக்கிறது. ஆகவே ஸ்காபறோ, மார்க்கம், பிரம்டன், மிசிசாகா எல்லாம் இதன் எல்லைக்குள் அடங்கும். ஏஜாக்ஸ், பிக்கறிங் ஆகியவை டூரம் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. அங்கே வேறொரு யுனைட்டட் வே இருக்கிறது. வீடு மாறி ஸ்காபறோவிலிருந்து ஏஜாக்ஸுக்குப் போகும் நம்மவர்கள், பழைய இடத்தில் கிடைத்த சேவை புதிய முகவரிக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த அமைப்பின் நிதியைப் பெறும் வலையமைப்பில் சுமார் 300 நிறுவனங்கள் உள்ளன. நிறுவனத்தின் நிர்வாக சபை, கணக்காய்வு செய்யப்பட்ட கணக்குகள், அது எந்த மக்களுக்கு எதைச் செய்கிறது என்பவற்றைப் பார்த்த பிறகே நிதி ஒதுக்கப்படுகிறது. சில நிறுவனங்களுக்கு ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்காக மட்டும் பணம் கிடைக்கும். வேறு சிலவற்றுக்கு நிறுவனத்தையே தாங்கி நிறுத்தும் அடிப்படை நிதி பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வழங்கப்படும்.

அடிப்படை நிதி என்பது நிர்வாக விவகாரம் போலத் தோன்றினாலும், புதிதாக வந்தவருக்கு அதுவே மிக முக்கியமானது. ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். அரசாங்கம் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் தலைப்புக் கட்டிய பணம்: இன்ன வகுப்பு, இத்தனை பேர், இன்ன குடிவரவு நிலை உள்ளவர்கள் மட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். மத்திய அரசின் குடிவரவுத் திணைக்களம் பணம் கொடுக்கும் குடியேற்றச் சேவைகளும் ஆங்கில வகுப்புகளும் பெரும்பாலும் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் உரியவை. அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருப்பவர், வேலை அனுமதியில் இருப்பவர், சர்வதேச மாணவர், ஏற்கெனவே குடியுரிமை பெற்றுவிட்டவர் ஆகியோர் அந்த வாசலில் திருப்பி அனுப்பப்படலாம். மாகாண அரசின் குடியேற்ற நிகழ்ச்சித் திட்டம் இவர்களில் பலரைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கும் அப்பால் எஞ்சும் இடைவெளியை நிரப்புவது யுனைட்டட் வே போன்ற அமைப்புகளின் பணம். வரவேற்பு மேசையில் ஓர் ஆளை உட்கார வைப்பதும், கட்டட வாடகையைக் கட்டுவதும், எந்தத் தலைப்புக்குள்ளும் அடங்காத ஒரு குடும்பத்தின் கதையை ஊழியர் ஒருவர் ஒரு மணிநேரம் உட்கார்ந்து கேட்க இடம் தருவதும் அந்தப் பணமே.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. "உங்கள் குடிவரவு நிலைக்கு இந்தச் சேவை இல்லை" என்று ஒருவர் சொன்னால், அதைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடாதீர்கள். "இதே நிறுவனத்தில் குடிவரவு நிலை பார்க்காத வேறு நிகழ்ச்சி உண்டா? அல்லது என்னைச் சேர்த்துக்கொள்ளக்கூடிய வேறு நிறுவனத்துக்கு அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரே ஊழியர் நான்கு வகையான நிதியில் நான்கு நிகழ்ச்சிகளை நடத்துவது இங்கே சாதாரணம். கேட்டவருக்கு மட்டுமே நான்காவது நிகழ்ச்சியின் பெயர் தெரியவரும்.

எந்த இலக்கத்தை அழைப்பது

கனடாவில் மூன்று இலக்கத் தொலைபேசி எண்கள் பல உள்ளன; அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உயிருக்கு ஆபத்து, தீ, குற்றச்செயல் என்றால் 911. ஒன்ராறியோவில் உடல்நலம் குறித்துத் தாதி ஒருவரிடம் ஆலோசனை பெற 811. தற்கொலை எண்ணம் தமக்கோ வீட்டில் ஒருவருக்கோ வந்தால் 988. இது 2023 நவம்பர் இறுதியிலிருந்து நாடு முழுவதும் இயங்குகிறது. குப்பை, பனி அகற்றல், வீதி விளக்கு போன்ற ரொறன்ரோ மாநகரசபைச் சேவைகளுக்கு 311. மற்றபடி "இதற்கு யாரிடம் போவது என்றே தெரியவில்லை" என்ற நிலையில் அழைக்க வேண்டியது 211.

211 சேவை கனடாவில் முதன்முதலாக 2002இல் ரொறன்ரோவில்தான் தொடங்கியது. அதை வளர்த்ததில் யுனைட்டட் வேக்குப் பெரும் பங்கு உண்டு. 2020இலிருந்து கனடா முழுவதிலும் இந்த எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார். பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. பேசுவது இரகசியமாக வைக்கப்படும். உரைபெயர்ப்பாளர் மூலம் 150க்கு மேற்பட்ட மொழிகளில் பேச வசதி உண்டு. தமிழும் அவற்றில் ஒன்று.

அழைப்பு எப்படி நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் பயம் பாதி குறையும். முதலில் பதிவு செய்யப்பட்ட குரல் ஒன்று ஆங்கிலமா பிரெஞ்சா என்று கேட்கும்; ஆங்கிலத்தைத் தெரிவு செய்யுங்கள். ஆள் எடுத்ததும் "டமில் இன்டர்பிரிட்டர், ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னால் போதும். அவர் உங்களைக் காத்திருக்கச் சொல்வார். சில நிமிடம் எந்தச் சத்தமும் இல்லாமல் இருக்கலாம். தொடர்பு அறுந்துவிட்டது என்று எண்ணி வைத்துவிடாதீர்கள். பிறகு தமிழில் ஒரு குரல் கேட்கும். அவர் உரைபெயர்ப்பாளர் மட்டுமே. தீர்வு சொல்பவர் மற்றப் பக்கத்தில் இருக்கும் 211 ஊழியர். எனவே இரண்டு மூன்று வசனம் பேசிவிட்டு நிறுத்துங்கள். அவர் ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பின் தொடருங்கள். நீளமாகப் பேசினால் நடுவில் சில விவரங்கள் விடுபட்டுப் போகும்.

உங்களிடம் முதலில் கேட்கப்படுவது தபால் குறியீடு அல்லது வீட்டுக்கு அருகிலுள்ள சந்தி. இது ஏன் என்று சிலர் தயங்குகிறார்கள். பெரும்பாலான சேவைகளுக்கு எல்லை உண்டு. குறிப்பாக உணவு வங்கிகள் பல, தங்கள் எல்லைக்குள் வசிப்பவர்களை மட்டுமே பதிவு செய்கின்றன. அதைத் தவிர வேறு காரணமில்லை. அடுத்து வீட்டில் எத்தனை பேர், பிள்ளைகளின் வயது, வருமானம் எங்கிருந்து வருகிறது, குடிவரவு நிலை என்ன என்று கேட்கலாம். தகுதி பார்க்க உதவும் என்பதால் உண்மையைச் சொல்வதே உங்களுக்கு நல்லது. சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம். ஆனால் சமூகக் காப்புறுதி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கடனட்டை விவரம் ஆகியவற்றை 211 கேட்காது. யாராவது "211இலிருந்து பேசுகிறேன்" என்று உங்களை அழைத்து அவற்றைக் கேட்டால், உடனே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

என்ன கேட்பது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "கஷ்டமாக இருக்கிறது, உதவி வேண்டும்" என்றால் ஊழியர் எதைத் தேடுவது என்று தெரியாமல் மேலும் பல கேள்விகள் கேட்க நேரிடும். "மின்கட்டணம் இரண்டு மாதம் நிலுவையில் இருக்கிறது, துண்டிக்கப் போவதாகக் கடிதம் வந்திருக்கிறது, கணக்கு என் பெயரில் இருக்கிறது" என்று சொன்னால் நேரே விடயத்துக்கு வரலாம். இந்த உதாரணத்தில் கடைசித் துண்டு மிக முக்கியம். ஒன்ராறியோவில் குறைந்த வருமானமுள்ளவர்களின் மின்கட்டண நிலுவைக்கு அவசர உதவி செய்யும் "லீப்" என்ற திட்டம் இருக்கிறது. அதற்கு உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கணக்கு விண்ணப்பதாரரின் பெயரில் இருக்க வேண்டும். பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்து, மின்கட்டணத்தை வீட்டுக்காரரிடம் கையில் கொடுக்கும் குடும்பங்களுக்கு இந்த வழி திறக்காது. அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரை வீடுகளுக்கு மின்சாரத்தைத் துண்டிக்க ஒன்ராறியோவில் தடை இருக்கிறது. அந்த மாதங்களில் நிலுவை சேரச் சேர நிம்மதியாக இருந்துவிட்டு மே மாதத்தில் ஓடித் திரிவதைவிட, தை மாதத்திலேயே விண்ணப்பிப்பது எவ்வளவோ மேல்.

அழைப்பின் முடிவில் பொதுவாக இரண்டு மூன்று நிறுவனங்களின் பெயர், தொலைபேசி இலக்கம், திறந்திருக்கும் நேரம், கொண்டுபோக வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றைச் சொல்வார்கள். தாளும் பேனையும் முன்னாலேயே வைத்திருங்கள். நிறுவனத்தின் பெயரை ஆங்கில எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் இங்கே பல. ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் 211 ஒன்ராறியோ இணையதளத்தில் தபால் குறியீட்டை இட்டு இதே விவரங்களைத் தேடிக்கொள்ளலாம். இருந்தாலும், குடும்ப வன்முறை, கடன், மனநலம் போன்ற விடயங்களைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நடுவில் வைத்துப் பேச வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். பிள்ளை சுமக்கக் கூடாத பாரம் அது. உரைபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

நிறுவனத்துக்குப் போகும்போது

211 தந்த இலக்கத்தை அழைத்தால், பெரும்பாலும் உடனடியாகச் சேவை கிடைக்காது. முதலில் பதிவுச் சந்திப்புக்கு ஒரு நாள் தருவார்கள். அந்தச் சந்திப்பில் ஊழியர் உங்கள் நிலைமையைக் கேட்டு ஒரு கோப்பைத் திறப்பார். அடையாள அட்டை அல்லது குடிவரவுப் பத்திரம், முகவரியைக் காட்டும் ஏதாவதொரு கடிதம், வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதி, வருமானச் சான்று, பிரச்சினை தொடர்பான கடிதங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். மூலப் பத்திரங்களைக் காட்டலாம். விட்டுவிட்டு வரக் கூடாது. பிரதி எடுத்துத் தரும்படி அங்கேயே கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

கையொப்பமிடச் சொல்லும் தாள்களில் ஒன்று, உங்கள் தகவலை வேறு நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்வதற்கான சம்மதப் படிவமாக இருக்கும். எந்த நிறுவனத்தோடு, எந்தத் தகவலை, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கையொப்பமிடுங்கள். மறுப்பதற்கும் பின்னர் சம்மதத்தை மீளப் பெறுவதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை. ஸ்காபறோவிலும் மார்க்கத்திலும் பல நிறுவனங்களில் இருக்கிறார்கள். சிறிய சமூகம் என்பதால் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ என்று கூசுகிறவர்கள், தமிழர் அல்லாத ஊழியரையும் தொலைபேசி உரைபெயர்ப்பாளரையும் தரும்படி கேட்கலாம். அந்தக் கூச்சத்தை நிறுவனங்கள் நன்றாகவே புரிந்துகொள்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிள்ளைகளுக்கான கொடுப்பனவு, வீட்டு வசதிப் பட்டியல், வருமான வரி ஆகியவற்றுக்கான படிவங்களை நிரப்பித் தருவதாகச் சொல்லி நம்மவர்களிடையே பணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களில் இவற்றைக் காசு வாங்காமல் செய்து தருகிறார்கள். குறைந்த வருமானமுள்ளவர்களுக்காக மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொண்டர்களைக் கொண்டு நடக்கும் வரி முகாம்கள் எங்கே இருக்கின்றன என்று 211 சொல்லும். வருமானமே இல்லாத ஆண்டிலும் வரி விபரத்தைத் தாக்கல் செய்யுங்கள். பிள்ளைகளுக்கான கொடுப்பனவு தொடங்கிப் பல உதவிகள் அதை வைத்தே கணக்கிடப்படுகின்றன.

வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் செய்ய வேண்டியது வேறு. அதற்கு உரிய இடம் சமூகச் சட்ட உதவி நிலையம். குறைந்த வருமானமுள்ளவர்களுக்கு அங்கே ஆலோசனை இலவசம். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் ஓர் அறிவித்தலைக் கையில் கொடுத்தவுடனேயே குடும்பம் வெளியேற வேண்டியதில்லை. வீட்டுக்காரர்–வாடகைக்காரர் நடுவர் சபையின் கட்டளை வேண்டும், அதை நிறைவேற்றும் அதிகாரம் ஷெரிப் எனப்படும் நீதிமன்ற அதிகாரிக்கு மட்டுமே உண்டு. ஆனால் அறிவித்தலில் குறித்த கெடு நாள்கள் குறுகியவை. கடிதம் கிடைத்த அன்றே அழைக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் மையம் இருந்தால் நேரே போங்கள்

தொலைபேசியில் பேசத் தயங்குகிறவர்களுக்குச் சமூக மையங்கள் நல்ல வழி. அவை ஏன் ஸ்காபறோ போன்ற இடங்களில் அமைந்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2004இல் யுனைட்டட் வே வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை, ரொறன்ரோவில் வறுமை கூடிய அயல்பகுதிகள் 1981இல் 30ஆக இருந்து 2001இல் 120ஆகப் பெருகியதைக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை நகர மையத்தில் இல்லை. ஸ்காபறோ, நோர்த் யோர்க், எட்டோபிக்கோ ஆகிய உட்புறநகர்களின் உயர்மாடிக் குடியிருப்புகளைச் சுற்றி இருந்தன. புதிதாக வந்த குடும்பங்கள் வாடகை குறைந்த அந்தக் கட்டடங்களில் குடியேறியிருக்க, சேவை நிறுவனங்களோ நகர மையத்திலேயே குவிந்திருந்தன. ஸ்காபறோவின் மால்வேனிலிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு சுரங்க ரயிலும் ஏறி, கைக்குழந்தையோடு போய் ஒரு படிவம் வாங்குவது எவ்வளவு சிரமம் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த அறிக்கையின் பெறுமதி விளங்கும். அடுத்த ஆண்டே மாநகரசபையும் யுனைட்டட் வேயும் சேர்ந்து 13 அயல்பகுதிகளை முன்னுரிமைப் பகுதிகளாகக் குறித்தன. மால்வேன், டோர்செட் பார்க், ஸ்காபறோ வில்லேஜ், கிங்ஸ்ரன்–கலோவே ஆகியவை அவற்றில் அடங்கும். அதன் தொடர்ச்சியாகவே பல நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் இயங்கும் மையங்கள் கட்டப்பட்டன.

கென்னடி வீதியில் உள்ள டோர்செட் பார்க் மையம் அவற்றில் ஒன்று. லோரன்ஸ் கிழக்கில் பழைய பொலிஸ் நிலையக் கட்டடத்தில் இயங்கும் ஈஸ்ட் ஸ்காபறோ ஸ்டோர்ஃப்ரண்ட், இத்தகைய மையங்களுக்கு முன்பே அந்த வழியைக் காட்டியது: பல நிறுவனங்கள் வெவ்வேறு நாள்களில் வந்து அங்கேயே மேசை போட்டு உட்கார, குடியிருப்பாளர் ஓரிடத்துக்கு மட்டும் வந்தால் போதும் என்ற ஏற்பாடு. இப்படியான ஒரு மையத்துக்குள் முதன்முறை போகும்போது வரவேற்பு மேசையில் அந்த மாத நிகழ்ச்சி அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கிழமையில் வேலை தேடுவோருக்கான ஆலோசகர் வருகிறார், எந்த நாளில் சட்ட ஆலோசனை, முதியோர் ஒன்றுகூடல் எப்போது என்பது அதில் இருக்கும். சமையலறையும் கூட்ட அறையும் குடியிருப்பாளர் குழுக்களுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டு வையுங்கள், பின்னால் உதவும்.

இடம் இல்லை என்றால்

காத்திருப்போர் பட்டியல் என்பது இங்கே அன்றாட விடயம். மனநல ஆலோசனைக்கும் பிள்ளைப் பராமரிப்புக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். மானிய வாடகை வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில். பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, வேறு நிறுவனங்களிலும் பதியலாமா என்று கேளுங்கள். தொலைபேசி இலக்கமோ முகவரியோ மாறினால் உடனே அறிவியுங்கள். இலக்கம் மாறியதால் தொடர்பு கொள்ள முடியாமல் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுவதே மிகவும் வருத்தமான இழப்பு, ஏனெனில் அது முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

கொடுத்த இலக்கங்கள் எதுவும் பயன்படவில்லை என்றால் மீண்டும் 211ஐ அழைத்து அதையே சொல்லுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமோ என்று நினைக்க வேண்டாம். எந்தப் பகுதியில், எந்தத் தேவைக்கு, எத்தனை பேருக்குச் சேவை கிடைக்கவில்லை என்பதை 211 பதிவு செய்கிறது. அடுத்து நிதியை எங்கே போடுவது என்று முடிவு செய்பவர்கள் பார்க்கும் தரவுகளில் அதுவும் ஒன்று. தமிழ் மொழியில் முதியோர் சேவை போதவில்லை என்று நூறு வீடுகளில் உணவு மேசையைச் சுற்றிப் பேசுவதைவிட, பத்துப் பேர் 211ஐ அழைத்துச் சொல்வது எழுத்தில் நிற்கும். நமது சமூகம் இதைச் செய்யத் தவறுகிறது என்பது என் கவலை.

கொடுக்கும் பக்கம்

வேலைக்குச் சேர்ந்த முதல் இலையுதிர் காலத்திலேயே யுனைட்டட் வே நன்கொடை இயக்கம் உங்கள் வேலைத்தலத்துக்கும் வரலாம். ஒவ்வொரு சம்பளத்திலும் ஐந்து, பத்து டொலரைக் கழித்துக்கொள்ளச் சொல்லி ஒரு படிவம் தருவார்கள். இது முழுக்க விருப்பத்துக்குரியது. மறுப்பதால் வேலைக்குப் பாதிப்பு வரக் கூடாது. புதிதாக வந்து கடன் அடைத்துக்கொண்டிருப்பவர் "அடுத்த ஆண்டு பார்க்கிறேன்" என்று சொல்வதில் எந்த வெட்கமும் இல்லை. கொடுப்பவர்களுக்கு, சம்பளத்தில் கழித்த தொகை அந்த ஆண்டுக்கான சம்பளத்தையும் கழிவுகளையும் காட்டி வேலைத்தலம் தரும் டி4 தாளின் 46ஆம் கட்டத்தில் காட்டப்படும். வரி தாக்கலின்போது அதைக் கோர மறக்க வேண்டாம். எந்தத் தொண்டு நிறுவனமானாலும் அது பதிவு செய்யப்பட்டதா, பணத்தை எப்படிச் செலவிடுகிறது என்பதைக் கனடா வருமான வரித் திணைக்களத்தின் பகிரங்கப் பட்டியலில் யாரும் பார்க்கலாம். கோயில், சங்கம், ஊர் அமைப்பு எதற்கானாலும் கொடுக்கும் முன் இதைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் நல்லது.

பணத்தைவிட நேரம் அதிகம் உள்ளவர்கள் தொண்டராகச் சேரலாம். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைப் பிள்ளைகள் பட்டம் பெறுவதற்கு 40 மணிநேரச் சமூக சேவை செய்திருக்க வேண்டும். உணவு வங்கியிலோ முதியோர் நிகழ்ச்சியிலோ அதைச் செய்வதற்கு இந்த நிறுவனங்கள் இடம் தருகின்றன. பெரியவர்களுக்குக் கனடிய வேலை அனுபவமும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நற்சான்று சொல்லக்கூடிய ஒருவரும் அங்கே கிடைக்கிறார்கள். பிள்ளைகளோடும் முதியோரோடும் பழகும் பொறுப்புகளுக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு நாள் எடுக்கும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

நாமே ஒரு நிகழ்ச்சி தொடங்க விரும்பினால்

கட்டடத்தில் உள்ள தமிழ் முதியவர்களுக்கு வாரம் ஒருநாள் ஒன்றுகூடல், பிள்ளைகளுக்குக் கோடை கால வகுப்பு என்று ஏதாவது தொடங்க எண்ணும் குடியிருப்பாளர் குழுக்கள் பல. பதிவு செய்யப்படாத குழு நேரடியாக நிதி பெறுவது கடினம். கனடாவின் வருமான வரிச் சட்டம் நீண்ட காலமாகத் தொண்டு நிறுவனங்கள் பதிவு பெற்ற அமைப்புகளுக்கு மட்டுமே பணத்தைக் கையளிக்க அனுமதித்து வந்தது. 2022இல் செய்த திருத்தம் மற்றக் குழுக்களுக்கும் நிபந்தனைகளோடு கொடுக்க வழிவிட்டாலும், கணக்குக் காட்டும் பொறுப்பு பெரிது என்பதால் பல நிறுவனங்கள் இன்னும் எச்சரிக்கையாகவே இருக்கின்றன.

இதற்கு நடைமுறையில் இருக்கும் வழி, பதிவு பெற்ற உள்ளூர் நிறுவனம் ஒன்றைப் பொறுப்பாளராக ஏற்றுக்கொள்வது. நிதி அந்த நிறுவனத்தின் கணக்குக்கு வரும். செலவுக்கான பற்றுச்சீட்டுகளைக் குழு கொடுக்கும். அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதுவார்கள். முதலில் உங்கள் பகுதியிலுள்ள மையத்தின் சமூக மேம்பாட்டு ஊழியரைச் சந்தித்து, எத்தனை பேர் வருவார்கள், எந்த நாள், எந்த அறை, தேநீருக்கும் பஸ் கட்டணத்துக்கும் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பெரிய திட்ட அறிக்கை தேவையில்லை. வருவதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை உண்மையாக இருந்தால் போதும். பொறுப்பேற்கும் நிறுவனம் நிதியில் நிர்வாகச் செலவாக ஒரு பங்கை எடுக்குமா, எத்தனை வீதம், யார் செலவுக்கு ஒப்புதல் தருவது, பற்றுச்சீட்டு கொடுத்து எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பவற்றைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குழுவில் கையொப்பமிடும் பொறுப்பை இரண்டு பேருக்குக் கொடுங்கள், அவர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம்.